வெயிலில் புஷ்டியான பேத்தி

"நான் அடிச்ச படத்தை வெளுக்க வைக்க அந்தச் சூரியனுக்கே தெம்பு கிடையாது. உன் பிக்மென்ட் மெஷினை இந்தக் கை தொட்டுதுன்னா, கடைக்கு நீ முதலாளி, நான் எடுபிடி. போதுமா?"

இந்தப் பிரகடனத்தைக் கலர் சார் தமது போட்டோ பிரின்ட் கடையின் நடுவில் நின்று, வாடிக்கையாளர்கள் சிலர் முன்னிலையில், கட்டிய மனைவியை நோக்கி வெளியிட்டார். வாடிக்கையாளர்கள் நடுங்கினார்கள். மனைவி காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார்.

கலர் சாருக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஒருமுறை அவர் அடித்துக் கொடுத்த பாஸ்போர்ட் படத்தைப் பார்த்த அதிகாரி, "இதுல இருக்கிறவரைக் கூட்டிட்டு வாங்க" என்று எதிரில் நின்ற மனிதரையே திருப்பி அனுப்பிவிட்டார். அவ்வளவு பொலிவு!

கடை ஒரே அறைதான். ஆட்சி மட்டும் இரண்டு. இடப்பக்கச் சுவரோரம் அவருடைய மெஷின். அதில் ஓடுவது டை மை. தண்ணீரில் சர்க்கரை போல முழுக்கக் கரைந்த சாயம். காகிதத்துக்குள் இறங்கிப் பளபளக்கும். வலப்பக்கம் மனைவியின் மெஷின். அதில் பிக்மென்ட் மை. கண்ணுக்குத் தெரியாத நிறப்பொடி; காகிதத்தின் மேல் சம்மணம் போட்டு உட்காரும். பளபளப்பு ஒரு மாற்றுக் குறைவு, பிடிவாதம் அதிகம்.

"உன் படமெல்லாம் காய்ச்சல் வந்து எழுந்த மூஞ்சி மாதிரி இருக்கு" என்பார் அவர்.

"உங்க படம் இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி. முதல் நாள் மட்டும்தான் மினுக்கு" என்பார் அந்த அம்மாள்.

இந்த யுத்தத்துக்கு நடுவில்தான் குழந்தை டாக்டரம்மா வந்து சேர்ந்தார். புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மத்தியானம் ஆனால் வெயில் கொட்டும். எதிர்ச் சுவர் நிறைய, தாம் குணப்படுத்திய குழந்தைகளின் பெரிய படங்கள் வேண்டுமாம்.

"எந்த மை வெயில் தாங்கும்?"

இரண்டு சுவர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. டாக்டரம்மா காதைப் பொத்திக்கொண்டார். "ரெண்டுலயும் ஒரு படம் அடிச்சு உங்க வாசல் கண்ணாடில ஒட்டுங்க. கோடை முடிஞ்சதும் வரேன்."

அவர்கள் பேத்தியின் பொக்கைவாய்ச் சிரிப்பு இரண்டு பிரதிகளாகக் கண்ணாடியில் ஏறியது. பாட்டி அடித்த பேத்தி அசையாமல் சிரித்தாள். தாத்தா அடித்த பேத்தியின் கன்னத்திலிருந்து சிவப்பு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பத் தொடங்கியது.

காலையில் கடை திறப்பது கலர் சாரின் வேலை. மனைவி வருவதற்குள் பழைய படத்தை உரித்துப் பைக்குள் திணித்து, புதுப்படத்தை ஒட்டினார். மறுபடி வெளுத்தது, மறுபடி ஒட்டினார். ஒவ்வொரு முறையும் எதற்கும் இருக்கட்டும் என்று சிவப்பை ஒரு சிட்டிகை கூட்டிவைத்தார். தாத்தா கையல்லவா, தாராளம்.

கோடை முடியும்போது மனைவி கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார்.

"என்னங்க, வெயில்ல வெச்சா எல்லாம் வாடும். உங்க பேத்தி மட்டும் புஷ்டியாயிட்டே போறாளே?"

"தரமான மை."

"மையா, சத்து டானிக்கா?"

கலர் சார் சாவிக்கொத்தைத் தேடப் போய்விட்டார். அது அவர் கையிலேயே இருந்தது.

டாக்டரம்மா வந்தார், பார்த்தார், அசந்துபோனார். "வெயில் படப்பட மெருகு ஏறியிருக்கே! சார், எல்லாத்தையும் உங்க மையிலேயே அடிச்சிடுங்க."

"ஜெயிச்சிட்டீங்க. சந்தோஷம்" என்றார் மனைவி. அந்தக் குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. அதுதான் குத்தியது.

மறுநாள் மத்தியானம் கலர் சார் சுவரை அளக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். சுவரில் கை வைத்தால் தோசைக்கல். பெஞ்சில் இருந்த ஒரு தாய், "எங்க பையன் போட்டோவும் வருமா சார்? பிழைப்பானான்னு இருந்தவன்" என்றார். மடியில் இருந்தவன் கலர் சாரின் டேப்பைப் பிடுங்கி வாயில் வைத்தான்.

"வரும்மா" என்று சொல்லிவிட்டு, அளவு பார்ப்பதற்காகப் பைக்குள் கைவிட்டுக் கிடைத்த படத்தைச் சுவரில் பிடித்தார். கடைசியாக உரித்த பேத்தி அது. சிவப்பும் நீலமும் ஓடிப்போய், மஞ்சள் மட்டும் விசுவாசமாக மிச்சமிருந்தது.

அந்தப் பக்கம் போன நர்ஸ் பதறி நின்றார். "ஐயோ, இந்தக் குழந்தைக்கு மஞ்சள் காமாலையா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"என் பேத்திதாம்மா. அவ நல்லாத்தான் இருக்கா" என்றார் கலர் சார். நிமிர்ந்து வெறுஞ்சுவரைப் பார்த்தார். பிழைத்து வந்த குழந்தைகள் அத்தனை பேரும் வரிசையாக மஞ்சள் பூத்துத் தொங்குவது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி தங்கை வீட்டுக்குப் போனார். கலர் சார் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு வலப்பக்கம் போய் உட்கார்ந்தார். அடியில் தங்கிய பொடி கலக்கட்டும் என்று மைப் புட்டிகளை, அந்த அம்மாள் செய்வதுபோலவே, மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் குலுக்கி மெஷினில் ஊற்றினார். சோதனைக் கோடுகள் அடித்துப் பார்த்தார், ஒன்று விட்டுப்போயிருந்தது. மை வரும் துளையைச் சுத்தம் செய்து மறுபடி அடித்தார். பிறகு டேப் கடித்தவனின் படத்தைப் போட்டார். அவன் சற்று அடக்கமாகத்தான் வெளியே வந்தான். சிவப்பைக் கூட்டப் போன விரலைக் கலர் சார் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மனைவி திரும்பியபோது கடை முழுக்கக் குழந்தைகள் காய்ந்துகொண்டிருந்தார்கள், டை மெஷின் மூடியின் மேலும்கூட. கலர் சார் துடைப்பமும் கையுமாகக் காகிதத் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அடுத்து எதைப் போடணும்?" என்றார், நிமிராமல்.