ஒதுங்க இடம்

எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த பெண் நான் ஒருத்திதான். அதனால் மனு எழுத என்னைப் பிடித்தார்கள். அந்த மனுவில் நான் எழுதிய ஒரு சொல்லால் என் அண்ணி செத்துப் பிழைத்தாள். இத்தனை வருடமாக இதை வெளியே சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயம்தான், அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருக்காதவர்களுக்கு.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் பக்கம், ஏரிக்கரையை ஒட்டின தெரு எங்களுடையது. அப்பா அதுவரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். சுற்றிலும் பட்டறைகள் முளைத்ததும் ஒரு பட்டறைக்கு வாட்ச்மேன் ஆனார். அண்ணன் லேத்தில் வேலை பார்த்தான். நான் ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றினேன். எல்லார் வீட்டிலும் சம்பளம் வந்தது, ரேடியோ கூட வந்தது. ஒரு வீட்டிலும் கக்கூஸ் வரவில்லை. ஆண்களுக்கு ஏரி முழுவதும் திறந்து கிடந்தது, நினைத்தபோது போனார்கள். எங்களுக்குத் தெருமுனைக்கு எதிரே, மெயின் ரோட்டோரம் இருந்த முள்புதர். விடிவதற்கு முன் ஒரு தடவை, பொழுது சாய்ந்தபின் ஒரு தடவை. நடுவில் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. ரோட்டில் லாரி வெளிச்சம் தெரிந்ததும் எல்லாரும் எழுந்து நின்றுவிட வேண்டும். புடவையை இறக்கிவிட்டு, ஏதோ பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். லாரி போனதும் உட்கார வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகுகிற மாதிரி அதுவும் பழகிவிடும்.

அண்ணிக்கு அது தெரியாது. அவள் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அவள் அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குப் பின்னாலேயே தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ். எனக்கு ஒரு வயதுதான் மூத்தவள். வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவேன், எழுதும்போது மட்டும் அவள் என்றே வருகிறது. கல்யாணமாகி வந்த மறுநாள் விடியற்காலை நான்தான் அவளைப் புதருக்குக் கூட்டிப்போனேன். லாரி வந்தது. நாங்கள் எல்லாரும் விருட்டென்று எழுந்தோம். அவள் மட்டும் எதற்கு என்று புரியாமல் உட்கார்ந்தபடி எங்களை அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே போனான்.

"இன்னாடி, மவராசி மாதிரி குந்திகினு கீறே? எய்ந்திரு!" என்று எங்கள் தெருப் பால்காரம்மா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். வீட்டுக்கு வந்தும் அண்ணி அழவில்லை. என் கையை மட்டும் நெடுநேரம் விடவில்லை.

மூன்றாம் மாதம் அவள் உண்டானாள். அதற்குள் பட்டறைகளில் ஷிப்டு கூடிப்போய், லாரி மேல் லாரி வந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, எங்களுக்கே முட்டி கழன்றது. வயிறு பெருத்தபின் இவள் எப்படி எழுவாள்? இதே கவலை எனக்கு. காயில் சுற்றும்போது எண்ணிக்கை தப்பித் திட்டு வாங்கினேன். போதாததற்கு எவனோ ஒருவன் சைக்கிளில் வந்து ரோட்டோரம் நின்று புதருக்குள் டார்ச் அடிக்க ஆரம்பித்தான். யாரென்று தெரியாது. வெளிச்சம்தான் தெரியும், பிடித்திருக்கும் கை தெரியாது. டீக்கடையில் எவன் நிமிர்ந்து பார்த்தாலும் இவனாக இருக்குமோ என்று நடையை எட்டிப் போட்டேன்.

அப்போதுதான் பால்காரம்மா தலைமையில் பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேர்தல் வருகிற நேரம், இப்போது கேட்டால்தான் உண்டு, பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கேட்டு மனு எழுது என்றார்கள். நான் பேனாவை எடுத்தேன். எடுத்த கை நின்றுவிட்டது. ஆபீசில் இதை எந்த ஆம்பளை படிப்பானோ, படித்துவிட்டு இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்பானோ! படித்த பெண் என்ற திமிர் வேறு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அழகாக இப்படி எழுதினேன்: "எங்கள் தெருப் பெண்கள் ஒதுங்க இடமின்றி மிகவும் அவதிப்படுகிறோம். மழைக்காலத்தில் படும் பாடு சொல்லி முடியாது. ஆகவே சாலையோரம் நாங்கள் ஒதுங்க ஓர் இடமும், ஒரு விளக்கும் அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

வாசித்துக் காட்டியதும் எல்லாருக்கும் புரிந்தது. ஒதுங்குவது என்றால் எங்களுக்கு ஒன்றுதானே. "நல்லா கண்ணியமா எய்திகீறா" என்று பால்காரம்மாகூட மெச்சினாள். வரிசையாகக் கைநாட்டு வைத்தார்கள்.

நம்பமாட்டீர்கள், மூன்றே மாதத்தில் செங்கல் வந்து இறங்கியது. தெருமுனையில், புதருக்கு நேர் எதிரே. நாங்கள் நின்று நின்று பார்த்தோம். பின்பக்கம் சுவர் எழும்பியது, இரண்டு பக்கவாட்டிலும் எழும்பியது, மேலே சிமெண்ட் கூரை வந்தது. முன்பக்கச் சுவர் எப்போது வரும், கதவு எப்போது மாட்டுவார்கள் என்று காத்திருந்தோம். ஒருநாள் உள்ளே நீளமாக ஒரு சிமெண்ட் பெஞ்சு கட்டினார்கள்.

"கக்கூஸ்ல பெஞ்சு எதுக்குடி?" என்றாள் பால்காரம்மா.

எனக்கு அந்த நிமிடமே புரிந்துபோனது. மறுநாள் பெயிண்டர் வந்து முகப்பில் 'பயணிகள் நிழற்குடை' என்று எழுதிவிட்டுப் போனான். மழைக்கு ஒதுங்க இடம் கேட்டிருக்கிறோம் என்று ஆபீசில் நினைத்துக்கொண்டார்கள். மழைக்காலம் என்று எழுதித் தொலைத்தவள் நான்தானே.

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு வாரம் கழித்து யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் கேட்ட விளக்கையும் கொடுத்திருந்தார்கள். நிழற்குடை உச்சியில் ஒரு ட்யூப் லைட். சாயங்காலம் போட்டால் விடிகிறவரை எரியும். அது விழுந்த இடம் எங்கள் முள்புதர். மறைக்க ஒரு சுவர் இல்லாமல் வெளிச்சம் மட்டும் வந்தால் அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? பெஞ்சு காலியாக இருந்தாலாவது பரவாயில்லை. எங்கள் தெரு ஆண்களே, ஷிப்டு போக மீதி நேரமெல்லாம், பேப்பரும் பீடியுமாக அங்கே குடியேறிவிட்டார்கள். ரோட்டைத் தாண்டிப் புதருக்குப் போவதென்றால் அவர்கள் கண்முன்னால்தான் போக வேண்டும். இல்லையென்றால் தெருவின் பின்பக்கமாக ஏரிக்கரைமேல் ஏறிச் சுற்றிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போக வேண்டும். கோடியில் ஒரு ஈ காக்கை கிடையாது. துணை இல்லாமல் அங்கே யாரும் போகமாட்டோம்.

அண்ணிக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவள் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. தெருக் குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். நம்பினேன். அதிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் அரை டம்ளர், சாப்பாட்டோடு ஒரு வாய், அவ்வளவுதான். மோர் கொடுத்தால் வேண்டாம், காபி கொடுத்தால் வேண்டாம். உதடு வெடித்தது. அம்மா இது மசக்கை என்றாள். ஏழாவது மாசத்தில் என்ன மசக்கை? எனக்குத் தெரியும், என் சொல்தான் காரணம் என்று தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் போனதும் குளிர்ஜுரம் வந்தது. நீர்க்கடுப்பு, இடுப்புவலி, உடம்பு தூக்கிப் போட்டது. குதிரைவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மா வழி நெடுக மாங்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டே வந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு வெளியே வந்து என்னைத்தான் பிடித்தார்கள்.

"எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறா இந்தப் பொண்ணு?"

"ஒண்ணு, ரெண்டு இருக்கும் டாக்டர்."

"ஏன், உங்க ஊட்ல தண்ணிக்குப் பஞ்சமா? வலி வேற ஆரம்பிச்சிருக்கு. இப்போ குழந்தை பொறந்தா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டுல எதுக்கும் நான் பொறுப்பில்ல."

ரெண்டுல எதுக்கும். அந்த இரண்டு சொல்லும் ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நேராக மனு கொடுத்த ஆபீசுக்குப் போனேன். கிளார்க்கு பைலைத் தேடி எடுத்து, "அதான் போட்டாச்சேம்மா, லைட்டோட? இன்னும் இன்னா வேணும்?" என்றார். சுற்றிலும் மேஜை மேஜையாக ஆண்கள். டாக்டரம்மா சொன்னது காதில் ஒலித்தது.

"கக்கூஸ் சார்," என்றேன். குரல் தேவைக்குமேல் கத்திவிட்டது. "பொம்பளைங்க கக்கூஸ். ஒதுங்கன்னு நான் எழுதுனது அதைத்தான்."

பேனாக்கள் நின்றன. ஒருவர் இருமினார். கிளார்க்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அத மொதல்லயே எய்தறதுக்கு இன்னாம்மா?"

அவ்வளவுதான் கேட்டார். நான் பயந்து செத்த கேள்விகள் ஒன்றுகூட வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து வேறு மனு எழுதிக் கொடுத்தேன். அந்தச் சொல்லை நாலு தடவை எழுதினேன்.

அண்ணிக்கு வலி நின்றது. ஊசி மேல் ஊசி போட்டு எட்டாம் நாள் அனுப்பினார்கள். அவள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் ஓவர்சியர் வந்தார், கையில் சுண்ணாம்புப் பொடிச் சட்டியோடு. தெருவில் ஆண்கள் கூடிவிட்டார்கள். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றோம். அவர் இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, ஏரிக்கரையின் அந்தக் கோடிக்கு நடந்துபோய்ச் சுண்ணாம்பால் ஒரு சதுரம் போட்டார். திரும்பி வந்து, "நல்லா மறைவா கீது. பொம்பளைங்களுக்கு ஏத்த எடம். இன்னாம்மா, மனு குடுத்தது நீதானே? சரிதானே?" என்றார்.

நான் சரி என்று தலையாட்டப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆட்டத்தான் போனேன். கொடுத்ததே பெரிது என்று இருந்தது எனக்கு.

"அங்க வேணாம் சார்."

திரும்பினால் அண்ணி. அந்நிய ஆண் முன்னால் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு வாசலில் இறங்கி நின்றாள்.

"ஏம்மா? மறைவா இருந்தாத்தானே உங்களுக்கு நல்லது?"

"மறைவா இருந்தாத்தான் சார் பயம். கத்தினா யாருக்குக் கேக்கும்? இங்க கட்டுங்க, குழாயடிக்குப் பக்கத்துல. எந்நேரமும் நாலு பொம்பளைங்க நிப்பாங்க."

"போறது வர்றது எல்லாரும் பாப்பாங்களேம்மா! அங்க யாரு உன்னை இன்னா பண்ணிடப் போறாங்க?" என்று அவர் சிரித்தார். ஆண்களும் சிரித்தார்கள்.

அவர்கள் சிரிப்பு அடங்கும்வரை அண்ணி இருந்தாள். பிறகு சொன்னாள். முழங்கையில் சிராய்ப்பு பட்ட அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்குத் தாங்க முடியாமல் அந்தக் கோடிக்குத் தனியாகப் போயிருக்கிறாள். ஒருவன் பின்னாலேயே வந்திருக்கிறான். ஓடியிருக்கிறாள். கரைச் சரிவில் விழுந்திருக்கிறாள். அவன் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாக நடந்து போயிருக்கிறான். முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குழாயடி இல்லை, வழுக்கவும் இல்லை. பால்காரம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "அடிப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அழுதாள்.

ஓவர்சியர் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். குழாயடிக்குப் பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டார். கட்டி முடிப்பதற்குள் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, நல்லபடி பிறந்தது. கதவு குழாயடியைப் பார்த்து இருந்தது, தாழ்ப்பாள் உள்ளே இருந்தது.

ஆனால் அன்றைக்கு ஓவர்சியர் போனபின் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அண்ணன் அதுவரை கூட்டத்தோடு தலைகுனிந்து நின்றிருந்தவன், உள்ளே வந்து கதவைச் சாத்தினான். எவன் அவன், அடிபட்டதா, வலிக்கிறதா என்று கேட்பான் என்று நினைத்தேன்.

"நீ ஏன் தனியாப் போனே?" என்றான். "ரோட்டுப் பக்கம் போறதுக்கு இன்னா? எதுக்குக் கரைமேல சுத்திகினு போனே?"

அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரோட்டுப் பக்கம்தான் வந்தேன். நீங்க பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. உங்களோட இன்னும் ஆறு பேரு. அதான் திரும்பிட்டேன்."