முப்பத்தேழாம் டோக்கன்

திண்டுக்கல்லில் ஒரு கண் டாக்டரிடம் அறிவுச்செல்வி பதினோரு வருடமாக வேலை பார்த்து வந்தாள். கையெழுத்துதான் டாக்டருடையது, பவர் பார்த்து எழுதியதெல்லாம் அவள். லென்சுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முந்தினது தெளிவா?" என்று சலிக்காமல் கேட்பாள். நத்தத்துப் புளி வியாபாரிகள்கூட, "அந்தப் புள்ளையே பாக்கட்டும்" என்பார்கள்.

2001இல் பவர் பார்க்கிற கம்ப்யூட்டர் மெஷின் வந்தது. "இது சரியாக் காட்டுதான்னு நீதாம்மா பாத்துச் சொல்லணும்" என்றார் டாக்டர். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு மாதம் முழுக்க, மெஷின் சொன்ன பவருக்குப் பக்கத்தில் தான் பார்த்ததையும் நோட்டில் எழுதினாள்.

மாதக் கடைசியில் டாக்டர் நோட்டைப் புரட்டினார். "முக்கால்வாசி ஒண்ணாத்தான் வருது. மிச்ச சனங்களுக்குப் போகப் போகப் பழகிரும். நாளையிலருந்து நீ டோக்கன் குடும்மா."

தன் வேலைக்கு வேட்டு வைக்கத்தான் அந்த மனுஷன் தன்னையே எழுத வைத்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எட்டு மாதம் கழித்து, மெஷின் சொன்ன கண்ணாடியைப் போட்டுத் தலைவலி தாங்காமல் டாக்டரே அவள் மேசைக்கு வந்தார்.

"அறிவு, பழைய லென்ஸ் பெட்டிய எடும்மா. என் கண்ண மட்டும் செத்த நீயே பாரு."

அவள் ஒரு டோக்கனைக் கிழித்து நீட்டினாள்.

"முப்பத்தேழு. உக்காருங்க சார், மெஷின் பாக்கும். போகப் போகப் பழகிரும்."