இரண்டாவது டப்பா

என்ன வேலை என்று யாராவது கேட்டால் சுகாதாரத் துறை சம்பந்தப்பட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுசாகச் சொன்னால் குடித்துக்கொண்டிருக்கும் காபியைக் கீழே வைத்துவிடுவார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது திடீரென்று கையோ காலோ துவண்டு போனால் நான் அந்தப் பிள்ளையைத் தேடிப் போக வேண்டும். அதன் மலத்தை இரண்டு டப்பாக்களில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, சூடு ஏறாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அது போலியோவா இல்லையா என்று அங்கே பார்ப்பார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, முடிச்சூர், மேடவாக்கம் என்று என் ஸ்கூட்டியில் ஊர் சுற்றிய நீலப் பெட்டிக்குள் இருந்தது இதுதான். வீட்டில் அந்த ஸ்கூட்டியை வேறு யாரும் தொட மாட்டார்கள். நாத்தனார் வந்தால் அதன் பக்கத்தில் செருப்பைக்கூட விட மாட்டாள்.

நாட்டில் போலியோ இல்லை என்று அறிவித்து வருஷங்கள் ஆகிவிட்டன. இல்லாத ஒன்றைத் தேடுவதற்கு இவளுக்கு ஒரு சம்பளமா என்று ஜாடை மாடையாகப் பேசியவர்கள் உண்டு. தேடுவதை நிறுத்திவிட்டால் இல்லை என்று எப்படித் தெரியும்? இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. மலத்தைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் குமட்டியதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் பேசிய மனுஷர்களைப் பார்த்துத்தான் குமட்டியது.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் ஒரு டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். கை கால் துவண்ட குழந்தை வந்ததா இல்லையா என்று வாரா வாரம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. ஒரு நாள் நான் நேரில் போய் ரிஜிஸ்டர் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் அவசரத்தில் ஃபைலையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதில் இனிமேல் வரப்போகிற நான்கு வாரங்களுக்கான தாள்கள் இருந்தன. நான்கிலும் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தி வைத்திருந்தார் புண்ணியவான். அடுத்த மாதம் எந்தக் குழந்தைக்கும் கால் துவளாது என்று இவருக்கு எந்த ஜோசியன் சொன்னான்?

அவரிடமே கேட்டேன். "மேடம், எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. நீங்க ஒருத்தர்தான் சீரியஸா எடுத்துக்கிறீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. மேஜையில் இருந்த ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினேன். ஒன்பது நாள் முந்தைய பக்கத்தில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. காய்ச்சல், இரண்டு நாளாக இடது காலை ஊன்றவில்லை என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. சத்து டானிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அங்கேயே விரல் விட்டு எண்ணினேன். கால் துவண்டு அன்றோடு பதினொரு நாள். பதினான்கு நாளுக்குள் இரண்டு மாதிரிகளையும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கிருமி இருந்தாலும் பிடிபடாமல் போகலாம். அதுவும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் இருபத்து நான்கு மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும். கிருமி எல்லா வேளையும் வெளியே வராது, ஒன்றில் தப்பியது இன்னொன்றில் மாட்டும் என்பதற்குத்தான் இரண்டு. எனக்கு மிச்சம் இருந்தது மூன்று நாள்.

முடிச்சூர் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. வாசலில் வாட்ச்மேன் பெட்டியைப் பார்த்துவிட்டு மறித்தார்.

"இன்னா மேடம், மீனா? மீன்லாம் இந்த லிஃப்ட்ல ஏத்தக் கூடாதுன்னு செக்ரட்டரி சொல்லிகீறாரு. அப்பால என்னியத்தான் திட்டுவாரு."

"மீன் இல்லண்ணா, மருந்து டிபார்ட்மென்ட்" என்றேன். அவர் நம்பவில்லை. குப்பை இறக்கும் லிஃப்டைக் காட்டினார்.

குழந்தையின் அம்மா தனியார் பள்ளியில் டீச்சர். கணவருக்கு வெளியூரில் வேலை, வார இறுதியில்தான் வருவார். குழந்தை சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காலைத் தூக்கிப் பார்த்தேன். பிழிந்து போட்ட துணி மாதிரி என் கையில் கிடந்தது. முட்டியில் தட்டினேன், அசையவில்லை. "வலிக்குதாடா?" என்றதற்கு, "இல்ல, தூங்குது" என்றாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சொட்டு மருந்து ஒன்றுகூடத் தவறாமல் போட்டிருப்பதாகச் சொல்லி அட்டையை எடுத்துக் காட்டினார். பெரும்பாலும் இது வேறு ஏதாவதாகத்தான் இருக்கும், ஆனாலும் பார்த்துவிட வேண்டும் என்றேன். நரம்பு டாக்டரிடம் உடனே காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். டப்பாவை நீட்டியதும் அவர் இரண்டு விரலால் வாங்கினார்.

"மோஷனா? நானே எடுக்கணுமா மேடம்? வேலைக்காரம்மாகிட்ட சொல்லலாமா?"

"யார் எடுத்தாலும் சரி. கட்டைவிரல் அளவு போதும். போனவுடனே எனக்குப் போன் பண்ணுங்க."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சுற்றியிருக்கும் வீடுகளிலும் குழந்தைகளைப் பார்த்து விசாரிக்க வேண்டும் என்பது விதி. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனாலும் மூன்றாவது கதவைத் தட்டுவதற்குள் குடியிருப்பின் வாட்ஸாப் குரூப்பில் செய்தி ஓடிவிட்டது. ஒரு அம்மாள் சங்கிலியைக் கழற்றாமலே கதவு இடுக்கு வழியாகப் பேசினார். "எங்க பசங்க அந்தப் பொண்ணோட சேர்றதே இல்லைங்க" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த பையன், "நேத்துகூட அவ வீட்டுக்குப் போய் விளையாடினேனேம்மா" என்றான். கதவு பட்டென்று சாத்தப்பட்டது. சாயங்காலம் பார்க்கில் அந்தக் குழந்தையை இறக்க வேண்டாம் என்று குரூப்பில் ஒரு மகராசன் எழுதியிருக்கிறான். படித்தவர்கள், பெரிய சம்பளக்காரர்கள். த்தூ.

மறுநாள் குழந்தை வெளிக்குப் போகவில்லை. கால் துவண்ட பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் வருவது வழக்கம்தான். பழம் கொடுங்கள், வெந்நீர் கொடுங்கள் என்று போனிலேயே வைத்தியம் பார்த்தேன். பதின்மூன்றாம் நாள் காலை போன் வந்தது. ஐஸ் மாற்றிக்கொண்டு ஓடினேன். டப்பாவை ஐந்து பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார் அம்மா. கண் வீங்கியிருந்தது. பள்ளியிலிருந்தும் யாரோ போன் செய்து, கொஞ்ச நாள் லீவு போட்டுக்கொள்ளுங்களேன் என்றார்களாம்.

"மேடம், இது நிறையவே இருக்கு. இதையே ரெண்டா வெச்சுக்கக் கூடாதா? நாளைக்கும் நீங்க இந்தப் பெட்டியோட வந்தா என்னால தாங்க முடியாது. கீழே எல்லாரும் பார்க்கிறாங்க."

முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. நாளைக்குப் பெட்டியை ஒரு துணிப்பைக்குள் மறைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கீழே பார்க்கிங்கில் நிற்கிறேன், நீங்கள் கொண்டுவந்து கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். எனக்கு ஓடியது வேறு கணக்கு. இவள் நாளைக்குப் போகாவிட்டால்? இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கேஸை 'இன்அடிக்வேட்', அதாவது மாதிரி போதவில்லை என்று எழுதுவார்கள். என் ஏரியாவில் அதுவரை ஒன்றுகூட அப்படி ஆனதில்லை. மாதாந்திரக் கூட்டத்தில் மற்றவர்கள் தலைகுனிந்து நிற்கும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெருமை எனக்குத் தேவைப்பட்டது. அம்மாவுக்கு இரக்கப்பட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா.

அவர் வீட்டுப் பாத்ரூமிலேயே கையுறை மாட்டிக்கொண்டு, குச்சியால் பாதியை இரண்டாவது டப்பாவுக்கு மாற்றினேன். முதல் டப்பாவில் அன்றைய தேதி. இரண்டாவதில் மறுநாள் தேதி, காலை எட்டரை மணி. பேனா கொஞ்சமும் தயங்கவில்லை. இரண்டையும் ஐஸிலேயே வைத்திருந்து மறுநாள் அனுப்பினேன். இந்த வித்தை எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆய்வகத்திலும் கண்டுபிடிக்க முடியாது. அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேங்க்ஸ் மேடம், தேங்க்ஸ் மேடம் என்றார். கையுறையைக் கழற்றாமல் நின்ற கையைப் பிடித்துக்கொண்டார், அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

முடிவு வந்தது. இரண்டிலும் கிருமி இல்லை. கேஸை மூடினார்கள். அடுத்த கூட்டத்தில் எங்கள் அதிகாரி, பதினோராம் நாள் கண்டுபிடித்த கேஸில்கூட இரண்டு மாதிரி எடுத்திருக்கிறார் பாருங்கள் என்று என்னைக் காட்டிச் சொன்னார். கை தட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

மூடுவது என்றால் என்ன என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒரு மாதிரி குறைந்திருந்தால், இரண்டு மாதம் கழித்து ஒருவர் போய்க் குழந்தை நடக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கால் சரியாகாமல் இருந்தால் பெரிய டாக்டர்கள் அடங்கிய ஒரு குழு உட்கார்ந்து அந்தக் குழந்தையின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும். இரண்டும் ஒழுங்காக எடுக்கப்பட்டு, இரண்டிலும் ஒன்றும் இல்லை என்றால் இதெல்லாம் அவசியமில்லை. போலியோ இல்லை என்று எழுதி ஃபைலைக் கட்டிவிடுவார்கள். என் குச்சி செய்தது இந்த வேலையை.

நாலைந்து மாதம் கழித்து, சொட்டு மருந்து முகாமுக்கு இடம் பார்க்க அதே குடியிருப்புக்குப் போனேன். பார்க்கில் அந்தக் குழந்தை நடந்துகொண்டிருந்தாள். இடது கால் பாதம் தரையில் உரசி உரசி வந்தது. ஃபிராக்குக்குக் கீழே ஒரு கால் இன்னொன்றைவிட மெலிந்திருந்தது. வேறு பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. என்னைப் பார்த்ததும் அம்மா எழுந்து வந்தார். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, நின்றேன்.

"பிஸியோ போயிட்டிருக்கோம் மேடம். மூணு டாக்டர் பார்த்துட்டாங்க. எல்லாரும் முதல்ல கேட்கறது, போலியோ டெஸ்ட் பண்ணியாச்சா, ரெண்டு சாம்பிளும் நெகட்டிவானுதான். நான் ஆமாம்பேன். உடனே அதை விட்டுட்டு வேற எதையோ தேடப் போயிடறாங்க." என் முகத்தைப் பார்த்து, "நெகட்டிவ்தானே மேடம்?" என்றார்.

"ஒண்ணு நெகட்டிவ். ரெண்டாவது நாம எடுக்கவே இல்லை" என்றேன்.

"இப்ப எடுத்தா?"

"இவ்வளவு நாள் கழிச்சு எடுத்தா ஒண்ணும் தெரியாது."

அவர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். போலியோவாக இருந்திருக்காது, இந்த மாதிரி கால் போவதற்கு வேறு எத்தனையோ காரணங்கள் உண்டு என்று நான் அடுக்க ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில், நாளைக்கே மேலே எழுதிக் கொடுக்கிறேன், கேஸைத் திறந்து அந்தக் குழு உங்கள் குழந்தையைப் பார்க்கட்டும், என் வேலை போனாலும் போகட்டும் என்றேன். அதைச் சொல்லும்போதும் எனக்கு என்மேல் ஒரு மரியாதை வந்தது, சீ.

"எழுதுங்க மேடம்" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு நான்தான் கேட்டேன், இல்லேங்கல. எனக்கு அப்போ ஒண்ணும் புரியல. ஆனா நீங்க முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ராத்திரி பகலா உட்கார்ந்து எடுத்துக் குடுத்திருப்பேனே."