அழக் கற்றிருந்த கிளி

ஆஸ்டின் டவுனில் எனக்கு ரவிக்கை தைத்துத் தந்த நரைத்த தலை அம்மா, தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளிக்கூண்டை வைத்திருந்தார். மெலிந்த கிளி, நெஞ்சில் இறகே இல்லை. திடீரென்று அது ஒரு பெண்ணைப் போல விசும்பியது. அவர் மிஷினை நிறுத்தி, கொய்யாத் துண்டை நீட்டி, "இங்க யாரும் அடிக்க மாட்டாங்க கண்ணு" என்றார். கிளி அடங்கித் தின்றது.

"இப்படி அழ எங்க கத்துக்கிச்சு?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட. புருஷன் அடிச்சே கொன்னுட்டான். அவ வளர்த்த கிளி இது, பட்டினியா கெடந்ததை நான் தூக்கிட்டு வந்தேன். நடுவுல ஒரு செவுருதான்மா, அவ அழுதது எனக்குக் கேட்டதே இல்ல."

கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப இது அழறது கொறஞ்சிடுச்சு. நல்லதுதான். ஆனா அவ குரல்னு இது ஒண்ணுதானே மிச்சம்."

கிளி முழுக்கத் தேறிவிட்டதா என்று போய்க் கேட்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.