ஃபைபர் வயரும் மாவிலைத் தோரணமும்

இன்று காலையிலிருந்து ரூட்டரில் சிவப்பு வெளிச்சம். ஐந்து தரம் நிறுத்திப் போட்டும் மாறவில்லை.

இணைய நிறுவனத்துக்கு அழைத்துச் சண்டை பிடித்தேன். "தங்கச்சி, நான் பள்ளிக்கூடத்திலை கம்ப்யூட்டர் படிப்பிக்கிறனான். பிழை உங்கடை பக்கம்தான்."

மத்தியானம் திருத்த வந்தவர் வீட்டுக்குள் வரவே இல்லை. வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணை, ஃபைபர் வயரிலை தோரணம் கட்டினது ஆர்?"

நான்தான். நேற்று இரவு சுவாமி வீதிவலம் வருகிறது என்று, தொங்கிய வயரை இழுத்துப் படலைத் தூணில் மடித்து இறுக்கி, மாவிலையும் கட்டியிருந்தேன். மடித்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழையில் வெளிச்சம் போகாதாம்.

அவிழ்த்துவிட்டார். ரூட்டரில் பச்சை எரிந்தது.

"அண்ணை என்ன வேலை செய்யிறியள்?"

"தோட்டம்."

"எங்கடை அப்பாவும் தோட்டம்தான். அவருக்கே உது தெரியுமே!"

என்னிடம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் தயவுசெய்து கீழே கொமென்ட்டில் வந்து "வணக்கம் சேர்" என்று எழுத வேண்டாம்.