மதினி அனுப்ப மறுத்த படம்

பாதியிலேயே என்னை வெளியே இழுத்துவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. மெஷினின் குழாய்க்குள் மல்லாந்து கிடந்தேன். தறிக்கூடத்தில் காது பழகியவனுக்கு அந்தச் சத்தம் ஒன்றும் புதிதில்லை. கண்கூடச் சொருக ஆரம்பித்திருந்தது. திடீரென்று சத்தம் நின்றது, பலகை நகர்ந்தது, வெளிச்சம் முகத்தில் அடித்தது. தலைமாட்டில் நின்று என்னை முறைத்தது வேறு யாருமில்லை, என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்தில் மதினி என்போம். சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டு ஸ்கேன் சென்டரில் அந்த மெஷினை இயக்குகிறவர் அவர்தான்.

அவர் வேலைக்குப் போனதே எனக்குப் பிடிக்காது. மேலநீலிதநல்லூரில் மழையை நம்பி உளுந்து விதைக்கிற வீட்டில் பிறந்து, ஸ்கேன் எடுக்கும் படிப்பை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். பிள்ளைகள் வளர்ந்ததும் வேலைக்குப் போகிறேன் என்றார். அண்ணனே சும்மா இருந்தான். தாம்தூம் என்று குதித்தவன் நான் ஒருவன்தான். "கண்ட ஆம்பளையையும் படுக்க வச்சுப் படம் எடுக்கணுமா மதினி?" என்று கேட்டேன். "அங்கன வாரவங்க நோயாளி, கொழுந்தனாரே. உங்க கண்ணுக்குத்தான் ஆம்பளையாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அதை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அப்புறம் எனக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு, வீட்டில் மூச்சு விடாமல், தினமும் இளநீர் குடித்தேன். இளநீர்க்காரன்தான் பிழைத்தான். கடைசியில் திருநெல்வேலி டாக்டர், சிறுநீர்ப்பைக்குள் கட்டி இருக்கிறது, புற்றுநோயாகத்தான் தெரிகிறது என்றார். பீடி உண்டா, சாய வேலை உண்டா என்று கேட்டார். தறிக்கு வருமுன் இருபது வருஷம் சாயப்பட்டறை, அதைவிட அதிக வருஷம் பீடி. இரண்டையும் ஒப்புக்கொண்டேன். கட்டி பையின் உள்தோலோடு நின்றிருந்தால் சிறுநீர் போகிற வழியிலேயே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். சுவரின் சதைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டி வரலாம், பிறகு காலத்துக்கும் சிறுநீர் பிடிக்க வயிற்றில் ஒரு பையை ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும். எது என்று பார்க்கத்தான் எம்.ஆர்.ஐ. சுரண்டிய பின் எடுத்தால் வீக்கம் குழப்பிவிடுமாம், அதனால் முதலிலேயே எடுத்துவரச் சொன்னார்.

என் விதியைப் பாருங்கள், ஊரில் இருந்தது மதினியின் மெஷின். முந்தின நாள் மதினி, அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: "சென்டருக்கு வந்ததும் ஒருக்க ஒண்ணுக்குப் போயிருங்க. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் போகவே கூடாது. பை முட்டவும் கூடாது, காலியாவும் கெடக்கக் கூடாது." எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் வெள்ளி அரைஞாணைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஒரு அங்கியை மாட்டி உட்காரவைத்தார்கள். உள்ளே கிடக்கும்போது, மதினி கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருக்க, சொட்டிவிட்டால் என்ன செய்வது? அந்த மானக்கேட்டை நினைத்து, கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நைசாகக் கழிப்பறைக்குப் போய் வந்துவிட்டேன்.

"போகலைல்லா?" என்று கேட்டார்.

"போகல மதினி."

வெளியே இழுத்தபின் அவர் சொன்ன முதல் வார்த்தை, "என்கிட்டயே பொய்யா கொழுந்தனாரே? பை சுருங்கிக் கெடக்கு" என்பதுதான். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். "எடுத்தது போதும்க்கா, அனுப்பிருங்க. டாக்டர் பாத்துக்கிடுவாரு" என்றார். எங்கள் ஊர்ப் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் வேறு ஊரில் இருக்கிறார். படம் நெட்டில்தான் போகும்.

"அவரு படத்தைத்தான் பாப்பாரு, இவரு பொய் சொன்னது அவருக்குத் தெரியுமா?" என்றார் மதினி. "சுருங்குன பையில சுவரு தடிச்சுத் தெரியும். உள்ள எறங்கிட்டுன்னு எழுதிட்டா, இந்த மனுசன் பையை அறுத்துப் போட்டுட்டு நிப்பாரு. நான் அனுப்பமாட்டேன். வேணும்னா நீங்க வந்து பட்டனை அமுக்குங்க."

மேனேஜர் அமுக்கவில்லை. மதினி மற்றவர்களை முதலில் உள்ளே விட்டு, என்னை அங்கியோடு நாற்காலியில் உட்கார்த்தித் தண்ணீர் குடிக்க வைத்தார். ஒவ்வொரு ஆளையும் எடுத்து முடித்துவிட்டு வந்து, "இப்ப எவ்வளவு முட்டுது? வெக்கப்படாமச் சொல்லுங்க" என்பார். ஒரு மணி நேரத்தில் என் வெட்கமெல்லாம் எங்கேயோ ஓடிப்போனது. பதமாக இருக்கிறது என்று அவருக்குத் திருப்தியான பிறகுதான் மறுபடி பலகையில் படுக்கவைத்தார்.

அதற்குப் பிந்திய இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். படத்தைப் பார்த்தவர் எதிரே நின்று ரசம் ஊற்றுகிறார். அந்த முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. "ரிப்போர்ட் எழுதுறது டாக்டர். அது வரட்டும்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவர் கண் கொஞ்சம் சிவந்தால் போச்சு என்று நினைப்பேன், வெங்காயம் அரிந்திருப்பார். இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று அண்ணனிடம் கத்தினேன்.

ரிப்போர்ட் வந்தது. திருநெல்வேலி டாக்டர் திரையில் காட்டினார். பையைச் சுற்றிக் கருப்பாக ஒரு கோடு ஓடியது, அதுதான் சதை. கட்டி அதன்மேல் உட்கார்ந்திருந்ததே தவிர, கோடு எங்கும் அறுபடவில்லை. "படம் சுத்தமா இருக்கு. எடுத்தது யாரு?" என்று கேட்டார். "எங்க மதினி" என்றேன். அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்ல ஆசையாக இருந்தது. சுரண்டி எடுத்தார்கள், சோதனைக்கு அனுப்பினார்கள்; சதையில் நோய் இல்லை என்றே வந்தது.

இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். பை என்னிடம்தான் இருக்கிறது. சிவகிரியிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து, ஸ்கேனுக்கு வருகிறேன், உம்ம மதினியிடம் ஒரு வார்த்தை சொல்லி வையும் என்றார். "எதுக்கு வே? எனக்கே அங்கன சலுகை கெடையாது" என்று பெருமையாகச் சொன்னேன்.

போனை வைத்த கையோடு, இத்தனை நாள் மனதில் கிடந்ததை மதினியிடமே கேட்டுவிட்டேன். "கோடு அறுபடலைன்னு நீங்க அன்னைக்கே பாத்தீங்கள்லா? லேசாச் சிரிச்சிருந்தாக்கூட நான் ரெண்டு நாள் தூங்கியிருப்பேனே!"

அவர் சோற்றை வடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"பாத்தேன். உங்களுக்குச் சிரிச்சா, நாளைக்குக் கோடு அறுந்து வாரவருக்கு நான் சிரிக்காம நிக்கணும்லா? அதுலயே அவருக்குத் தெரிஞ்சு போயிரும், கொழுந்தனாரே."