கறுப்புத்திரை அக்கா அனுப்பிய படம்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைக் கறுப்புத்திரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஸ்கேன் அறையை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் கட்டளைகளை அடிப்பதுதான் அவள் வேலை. ஸ்கேன் மெஷினில் இருந்தது பழைய யூனிக்ஸ். டாக்டர்களின் மேஜையில் விண்டோஸ். இரண்டும் முகம் கொடுத்துப் பேசாது. நடுவில் இருந்து படங்களைக் கைமாற்றிவிட்டது அவள்தான்.

சேர்ந்த புதிதில் ஒருமுறை, அனுப்புவது எழுத்தல்ல, படம் என்று மெஷினுக்குச் சொல்லும் 'பைனரி' கட்டளையை முதலில் அடிக்க மறந்துவிட்டாள். மெஷின் படத்தை வெறும் எழுத்தென்று நினைத்து அனுப்ப, டாக்டரின் திரையில் ஒன்றும் திறக்கவில்லை. நோயாளி ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தார். அன்றிலிருந்து, இரண்டு பக்கமும் படத்தின் அளவு எத்தனை பைட் என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நாற்காலியை விட்டு எழுவாள். படத்தைத் திறந்து பார்க்க மாட்டாள். அது டாக்டர் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயின்டரைத் தூக்கிவந்தார்கள். அவளுடைய அண்ணன். தலையில் அடி, நினைவில்லை. ஸ்கேன் முடிந்ததும், வேறு யாரையாவது படத்தை அனுப்பச் சொல்கிறேன், நீ வெளியே போய் உட்கார் என்றார் டெக்னீஷியன். அந்தக் கட்டளைகள் தெரிந்த வேறு ஆள் அன்று இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தாள். படம் போன பிறகு பார்த்தால் கணக்கு உதைத்தது. இணைப்பு பாதியில் அறுந்திருந்தது. மறுபடி அனுப்பினாள். இந்தத் தடவை கடைசி இலக்கம் வரை பொருந்தியது. மூளை டாக்டருக்குப் போன் செய்தாள்.

"படம் முழுசா வந்துருச்சு சார். பார்க்கலாம்."

டாக்டர் போனை வைக்காமலே படத்தைத் திறந்து பார்த்தார். பிறகு, "வீட்டு ஆளுங்க யாராவது இருந்தா வரச் சொல்லும்மா" என்றார்.

"நான்தான் சார். தங்கச்சி."

நான்காம் நாள் அண்ணன் இறந்தார்.

பதினைந்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். மூன்று மாதத்தில் மெஷினில் இடம் நிரம்பிவிட்டது; பழைய படங்களை நீக்கச் சொன்னார்கள். பட்டியலில் அண்ணனின் எண் வந்ததும் விரல் நின்றது. எழுந்து போய்ப் பிரிவுத் தலைவரிடம் கேட்டாள். மனைவி எழுதிக் கொடுத்தால் ஒரு நகல் தரலாம் என்றார் அவர். அண்ணியைப் போனில் அழைத்துச் சொன்னாள்.

"அதுல அவர் முகம் தெரியுமா?" என்று கேட்டார் அண்ணி.

"இல்லண்ணி. எலும்பும் மூளையும்தான்."



"அதுவும் அவர்தானே. எனக்கு வேணும்."

மறுநாள் காலையிலேயே அண்ணி வந்து கையெழுத்துப் போட்டார். நகல் இருந்த பென் டிரைவைப் பையில் போடாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டே பஸ் ஏறினார். அவரை அனுப்பிவிட்டு வந்து, அக்கா நீக்கும் கட்டளையை அடித்தாள். அன்றைக்கு அனுப்ப வேண்டிய படங்கள் ஒன்பது இருந்தன.